கடைசிக் கல்லுக்கு அப்பால்

வெயிலுக்கென்று வாங்கிய தொப்பியை மரியாதைக்கென்று மாட்டிக்கொண்டு திரிந்த மடையன் நான். நிழலில் உட்காரும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் சர்வேயர் வேலை கிடைத்த புதிது. அளவுச் சங்கிலியைத் தரையில் விரித்துவிட்டால் பூமி தானாக வந்து படுத்துக்கொள்ளும் என்று நம்பிய வயது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எருமைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் என்னைத் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டு பங்காளிகளின் வடிகால் தகராறு அது. மேல் வயல் அண்ணனுக்கு, கீழ் வயல் தம்பிக்கு. ஐப்பசி மழையில் மேல் வயலில் தேங்கும் தண்ணீரை அண்ணன் வரப்பை வெட்டித் தம்பி வயலில் விடுவார். தம்பி முள்ளும் மண்ணும் போட்டு அதை அடைப்பார். இருபது வருஷமாக ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருவர் போனதில்லை. நான் போன அன்று, “மழை வந்தா எம் பயிரு கழுத்தளவு தண்ணியில கெடந்து அழுகுது, தம்பி கரையில நின்னு மீசையத் தடவுறாரு” என்றார் அண்ணன். தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், “அண்ணே வீட்டுக் கழனித்தொட்டியாய்யா என் வயக்காடு?” என்று கேட்டார்.

சித்திரை மாதம். நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தது. மழை பார்க்காமல் வடிகாலுக்குக் கோடு போடக் கூடாது என்று அந்த ஊரில் எந்தச் சம்சாரியும் சொல்லியிருப்பான். நான் யாரைக் கேட்டேன்? கையில்தான் சர்வே படம் இருந்ததே. இரண்டு வயலுக்கும் பொதுவான வரப்பை ஒட்டி ஆளுக்கு ஒரு முழம் விட்டுக்கொடுத்து, கிழக்குக் கோடியில் இருக்கும் கடைசி எல்லைக் கல்வரைக்கும் வாய்க்கால் வெட்டுவது என்று தீர்த்துவைத்தேன். கல்லுக்கு அப்பால் படத்தில் புறம்போக்கு. பங்காளிகளும் அதையே சொன்னார்கள். அங்கே காக்கா குருவிகூடக் கிடையாதாம்.

வாய்க்காலை வெட்டியவர் அந்த ஊர்க் கூலிக்காரர் ஒருவர். இன்று அவர் என்று எழுதுகிறேன். அன்று நீ, வா, போ என்றுதான் பேசினேன். நான்கு நாள் அவரும் அவர் மனைவியும் அந்த இறுகிய மண்ணை வெட்டினார்கள். கடைசிக் கல்லுக்கு வந்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “சாமி, தண்ணி இந்தக் கல்லுக்கு அங்கிட்டு எங்க போகும்?” என்று கேட்டார்.

“ராமேசுவரம் போகும். நீயும் கூடவே போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வா” என்றேன்.

பங்காளிகள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இருபது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அந்தப் பெருமையும் என் தொப்பிக்குள் ஏறிக்கொண்டது. அவர் மறுபடி கேட்கவில்லை. குனிந்து மீதியை வெட்டி முடித்தார். “வேறு எவருக்கும் பாதகம் இல்லை” என்று அறிக்கையில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. என் வாய்க்காலின் அழகைப் பார்க்க நானே ஆசைப்பட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். இரண்டு வயலும் பொட்டுத் தண்ணீர் தேங்காமல் பச்சையாக நின்றன. கல்லுக்கு அப்பால் இடுப்பளவு தண்ணீர். அதில் வாய்க்கால் வெட்டிய அவரும் மனைவியும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். கையோடு வந்ததெல்லாம் அழுகிய நாற்று. கள்ளியையும் கற்றாழையையும் பிடுங்கி ஐந்து வருஷமாக அவர்கள் திருத்திய நிலமாம் அது. முதல்முறையாக அந்த வருஷம்தான் நெல் போட்டார்களாம். அந்த நெல்லை நம்பித்தான், இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போக வந்த கங்காணியிடம் வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

பங்காளிகளிடம் ஓடினேன். வாய்க்காலை மடக்கி ஊர் ஓடைப் பக்கம் திருப்பலாம், கொஞ்சம் இடம் விடுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். “நீங்கதேன கையெழுத்துப் போட்டீக” என்றார் அண்ணன். தம்பி எனக்கு இளநீர் வெட்டக் கிளம்பினார். அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமையை உண்டாக்கியவன் நான்தான். தாசில்தாரோ என் அறிக்கையையே எடுத்து எனக்குப் படித்துக் காட்டினார். பட்டா இல்லாத நிலத்தில் ஆள் ஏது, ஆள் இல்லாத இடத்தில் நஷ்டம் ஏது?

வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நான் குடியிருக்கும் கோரிப்பாளையத்தில் தெருத்தண்ணீர் வாசலில் ஏறினால் இப்போதும், “சர்வேயரய்யா, வந்து ஒரு வழி சொல்லுங்க” என்று கூப்பிடுகிறார்கள். எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுகிறேன். வழி மட்டும் சொல்வதில்லை.

அந்த வருஷம் மார்கழியில் அந்த ஊருக்கு மறுபடி போனேன். மேலே யாருக்காவது மனு அனுப்பிப் பார்ப்போம் என்று வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் குடிசையின் கதவுத் தட்டியைக் கழற்றிச் சாய்த்திருந்தார்கள். மனைவி சட்டிபானைகளைப் பழைய சேலையில் கட்டிக்கொண்டிருந்தார். கங்காணி ரோட்டில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையதுதான், எழுதினால் ஏதாவது நடக்கும், ஒரு மாதம் பொறுங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். வாய்க்கால் வெட்டியவர் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார். தாளை முழங்காலில் வைத்து முதல் வரியை எழுதப் போனபோதுதான், அவர் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது புத்திக்கு எட்டியது. கேட்டேன்.

“இனிமே எதுக்குங்க” என்றார்.