பெயர் அழிந்த இரண்டு தட்டுகள்

போர் முடிவதற்கு முந்திய வருடம் மாத்தளை நகரில், வாசனைத் திரவியங்களைச் சோதிக்கக் கட்டிய ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். அதன் பின்னறையை டொக்டர் குகன் தம் ஆய்வுக்கு எடுத்திருந்தார். முன்னறையில் கராம்பு மணக்கும். பின்னறையில் நாங்கள் புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, வளர்ப்போம்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருப்பது அதிரீனல் சுரப்பி. அதில் வரும் புற்றுநோயில் ஒரு மரபணுவை அடக்கினால், கலங்கள் பெருகுவதும் பரவுவதும் குறையுமா என்பதே எங்கள் கேள்வி. ஒரு தட்டில் மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. துண்டைப் போடுவோம். மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் செய்யாத துண்டு, அது கொன்ட்ரோல். இரண்டிலும் பிப்பெட் நுனியால் ஒரு கோடு கீறி, கலங்கள் நகர்ந்து வந்து அதை எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்று பார்ப்போம்.

அன்று மகளுக்குச் சளி. எங்கள் ஊர் அலுவிகாரையில் பஸ் ஏறும்போதே அவளுடைய கிருமியெல்லாம் என் கையில் இருப்பதாகப் பயம். தட்டுகளை ஒருமுறை ஸ்பிரிட்டால் துடைப்பது வழக்கம். நான் மூன்று முறை துடைத்தேன். மார்க்கரால் எழுதிய பெயர்களும் கிருமியோடு போய்விட்டன.

மறுநாள்தான் கவனித்தேன். ஒரு தட்டில் கோடு திறந்து கிடந்தது. மற்றதில் மூடியிருந்தது. எது எதுவென்று தெரியவில்லை.

மரபணுவை அளக்கும் பி.சி.ஆர். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நஸீரா சொன்னாள்: "மகள்ட மூக்கயும் மூணு தரம் தொடச்சீங்களா? போய்ப் பாருங்க, மூக்கு இருக்கான்னு."

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதிலை என்ன குழப்பம் பிள்ளை? திறந்து கிடக்கிறதுதான் அடக்கின தட்டு. பேரை எழுதும்."

"அது அப்படியான்னு பார்க்கத்தானே சேர் டெஸ்ட்டே செஞ்சோம்?"

"திங்கக்கிழமை கொழும்பிலை, காசு தாறவைக்கு நான் இதைக் காட்டவேணும். காட்டாட்டி ஆய்வும் இல்லை, உம்மடை கொன்ட்ராக்டும் இல்லை."

மார்க்கரைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். வீட்டில் வரும் ஒரே சம்பளம் என்னுடையது. கடைசியில் கேட்டே விட்டேன்.

"கலத்துக்குள்ளயே அந்த மரபணு எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்துடலாமே, சேர். ஒரு கிட் மிச்சமிருக்கு. நீங்க சொல்றது சரின்னா அதுவும் அதத்தானே சொல்லும்?"

தாம் சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால் கிட்டைக் கொடுத்தார்.

பின்னேரம் முடிவு வந்தது. கோடு திறந்து கிடந்த தட்டில் மரபணு முழு மூச்சாக வேலை செய்திருந்தது. அதுதான் கொன்ட்ரோல். அந்தத் தட்டில் கோட்டை, கலங்களால் மூட முடியாத அளவு அகலமாகக் கீறித் தொலைத்தவள் நானே.

நஸீரா மார்க்கரை என்னிடம் நீட்டினாள். நான் கேட்டேன்:

"சேர், இப்ப பேர எழுதட்டுமா?"

டொக்டர் கொழும்புக்குப் போகவில்லை. அவர்களிடம் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து மூன்று தடவை செய்தோம். அதற்கு ஆள் வேண்டியிருந்ததால் என் கொன்ட்ராக்டும் நீண்டது. மரபணுவை அடக்கிய கலங்கள் மெதுவாகத்தான் பெருகின; ஆனால் கோட்டை மூடுவதில் எந்தச் சுணக்கமும் இல்லை. டொக்டருக்குப் பாதி சந்தோஷம். அந்தப் பாதி உண்மையானது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயர் அழிந்துவிட்டால், உங்களுக்குப் பிடித்த பெயரைத் தட்டுக்கு வைக்காதீர்கள். அழியாமலிருக்க, தட்டின் ஓரத்தில் ஊசியால் கீறி எழுதுங்கள். என்னைப் போன்ற தாய்மார் துடைத்தாலும் அது போகாது.