மைசூருக்குப் போகாத பஸ்

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கம்பெனி ஒரு மாநாடு நடத்தும். கியர் வெட்டுகிறவர்கள், டூல் தீட்டுகிறவர்கள், அளவு சரிபார்க்கிறவர்கள் என்று பல ஊர்களிலிருந்து ஓசூருக்கு வருவார்கள். இரண்டு நாள் ஏசி ஹாலில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு மூன்றாம் நாள் ஊரைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். ஊர் என்றால் எங்கள் ஊர் இல்லை. பஸ் நேராக கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி மைசூருக்குப் போய்விடும். அரண்மனை, தோட்டம், பட்டுக் கடை. ஓசூரில் அவர்கள் பார்த்தது ஹோட்டல் ரூமும் மேம்பாலமும்தான்.

எனக்கு இது பொறுக்கவே இல்லை. அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பிறந்தவள். காலேஜில் யாராவது ஊர் கேட்டு நான் ஓசூர் என்றால் உடனே, "ஓ, பெங்களூர் பக்கமா?" என்பார்கள். இன்னொரு ஊருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் ஊரின் வேலையா? இந்த வருடம் ஏற்பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்ததும் மேனேஜர் மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், ராயக்கோட்டை மலைக்கோட்டை, அப்புறம் கிருஷ்ணகிரி டேம். மலை, கோட்டை, ஆறு மூணும் ஒரே நாள்ல. பார்டர் தாண்டவே வேணாம்."

மேடம் எக்செல் ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ ஏறியிருக்கியா?"

"பஸ்ல போறப்ப பாத்திருக்கேன் மேடம்."

சிரித்துவிட்டார். "சரி, மூணு பஸ்ல ஒண்ணு உனக்கு. போனவங்க நல்லாருந்துச்சுன்னு சொன்னா அடுத்த வருசமும் உண்டு. இல்லேன்னா மூணும் மைசூர்தான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அந்த ஞாயிறே போய் ஏறிப் பார்த்தேன். உச்சியில் சுனை, இடிந்த கட்டடங்கள், சுற்றிலும் மலை மேல் மலை. காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இதைப் பார்த்துவிட்டால் போதும், யாரும் மைசூர் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். யார் கட்டியது, யார் முற்றுகையிட்டது, யார் பிடித்தது என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்த நாளும் வந்தது. மைசூர் பஸ்கள் இரண்டும் நிரம்பின. என்னுடையது பாதிதான். டிரைவர் வேறு சும்மா இருக்காமல், "ஏம்மா, அவங்கெல்லாம் ராஜா ஊட்டுக்குப் போறாங்க, நாம பாறைக்குப் போறமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஹோட்டல் டிபனில் இரண்டாவது தடவை பொங்கல் வாங்கப் போனவர்களால் கிளம்பவும் லேட்.

வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்று எல்லாரையும் விரட்டினேன். பாதி மலையில், கோயம்புத்தூர் பட்டறை முதலாளி ஒருவர் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"மூச்சு வாங்குதா சார்?"

"அதெல்லாம் இல்லீங் அம்மணி. இதைப் பாருங்க."

பாறையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். உளியால் குழி போட்டு, இரும்பு ஆப்பு இறக்கி, அடித்து அடித்துக் கல்லைப் பிளந்த தடம். ஞாயிற்றுக்கிழமை அதன் மேல்தான் மிதித்துப் போயிருக்கிறேன். ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். சென்னையில் குவாலிட்டி பார்க்கும் ஒரு அக்கா குப்புறப் படுத்து, ஹேண்ட்பேகிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்தார்.

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கு சார்!"

பக்கத்தில் இன்னொரு வரிசை. குழி போட்டிருந்தார்கள், கல்லைப் பிளக்கவில்லை.

"இதை ஏன் விட்டுட்டாங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"உள்ள கீறல் தெரிஞ்சிருக்கும். ரிஜெக்ட் பண்ணியிருப்பாங்க" என்றார் அக்கா.

"அப்பவே உங்களாட்ட ஒருத்தர் இருந்திருக்காருங்க. குழி போட்டவன் என்ன பாடு பட்டானோ!" என்றார் பட்டறை முதலாளி.

"சார், மேல போலாமா? வ்யூ மேலதான்" என்று நான் கெஞ்சினேன்.

"வ்யூ எங்கீங் கண்ணு போயிரும்?"

வேறு வழி தெரியாமல் முற்றுகைக் கதையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். அக்கா படுத்தபடியே தலையைத் தூக்கினார். "அதெல்லாம் சரிம்மா, இந்தக் கல்லை வெட்டினது யாரு?" என் மனப்பாடத்தில் அது இல்லை.

அதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. பாதி மலை மிச்சம் இருந்தது. இரண்டு பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் யாராவது மயங்கி விழுந்தால்? இறங்கலாம் என்று நானே சொன்னேன்.

கீழே வந்து போனைப் பார்த்தால், மாநாட்டு வாட்ஸ்அப் குரூப் முழுக்க அரண்மனை. மேடத்திடமிருந்து ஒரு வரி: "உச்சி போட்டோ எங்க?" என்னிடம் இருந்ததோ, பெரிய மனிதர்கள் பாறையில் குப்புறப் படுத்திருக்கும் போட்டோதான். அதையே அனுப்பினேன். நீல டிக் மட்டும் விழுந்தது.

டேமில் நான் கதை சொல்லவில்லை. தென்பெண்ணையில் தண்ணீர் நிறைய இருந்தது. இவர்கள் ஷட்டரைத் தூக்கும் கியரை அண்ணாந்து பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்தேன். அடுத்த வருடம் மூன்று பஸ்ஸும் அத்திப்பள்ளி தாண்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் டீ குடிக்கும்போதும் அவர்கள் பேச்சு அந்தப் பிளக்காத வரிசையில்தான் இருந்தது.

ஹோட்டல் வாசலில் மேடம் நின்றிருந்தார். மைசூர் பஸ்கள் இன்னும் பெங்களூர் டிராஃபிக்கில். கோயம்புத்தூர்க்காரர் இறங்கியதும் நேராக அவரிடம் போனார்.

"ஏனுங்க, இந்த அம்மணி மேல ஒரு கம்ப்ளைண்ட்."

போச்சு, இனி மூணும் மைசூர்தான் என்று நினைத்தேன்.

"பாதி மலையோட எறக்கிக் கூட்டியாந்துட்டாங்க. மீதியை யாரு காட்டறதுங்க?"

"ஆமா, மேல இன்னும் எத்தனை வரிசை இருக்குன்னு பாக்கணும்" என்றார் சென்னை அக்கா. "அடுத்த வருசம் நான் இந்த பஸ்லதான்."

மேடம் என்னைப் பார்த்தார். "அடுத்த வருசம் டிபனுக்கு முன்னாடியே கிளம்பு. பார்சல் கட்டிக்கோ."

"ரெண்டு பஸ் தருவீங்களா மேடம்?"

"போய் சாப்பிடு, போ."