தைத்து மூடிய தேன்பெட்டி

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வேலையா? அக்கா இதைக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த என்னிடம் போய்க் கேட்டாள்!

அக்கா ஒன்பது வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். அதை விட்டுவிட்டு, மூன்று தேன்பெட்டிகள் வாங்கி மொட்டைமாடியில் வைத்தாள். நிமிடத்துக்கு ஒரு காலர் தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தினமும் மூடியைத் திறந்து, தேனடைச் சட்டங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

“இப்படி எட்டி எட்டிப் பாத்தா பூச்சிக்கே கூச்சமா இருக்காதாடி?” என்றாள் அம்மா.

தொல்லை தாங்காமல் இரண்டு பெட்டித் தேனீக்கள் கூட்டத்தோடு பறந்துபோயின. மூன்றாவது பெட்டியில் சட்டத்தைத் திரும்ப இறக்கும்போது ராணித் தேனீ நசுங்கிச் செத்தது.

ராணி இல்லையென்றால் முட்டை இல்லை; சில வாரங்களில் கூட்டமே அழிந்துவிடும். ஆனால் பழைய ராணி கடைசியாக இட்டுவிட்டுப்போன முட்டை ஒன்றிலிருந்து, மிச்சமிருக்கும் தேனீக்கள் தாமாகவே ஒரு புது ராணியை வளர்த்துக்கொள்ளும். அது பிறந்து, வெளியே பறந்து, இணைசேர்ந்து வந்து முட்டையிட ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதுவரை யாரும் பெட்டியைத் தொடக்கூடாது. இதுவும் போனால் அக்கா மறுபடி காலர் தைக்கத்தான் போகவேண்டும்.

அன்றுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு மெல்லிய துணியை எடுத்துவந்து, தேனீ போய்வரும் வாசலையும் காற்றுத் துளைகளையும் மட்டும் விட்டுவிட்டு, பெட்டியைச் சுற்றிப் போர்த்தி ஊசியால் தைத்தாள்.

“பூட்டு போட்டா சாவி என்கிட்டதானே இருக்கும்? நான் தைச்சதை நானே பிரிக்க எனக்கு மனசு வராதுடி,” என்றாள்.

தினமும் காலையில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்டாள். முதல் வாரம் முழுக்கக் கடவுளிடம் சண்டை. “சீக்கிரம் குடு, சீக்கிரம் குடு” என்ற அவளுடைய முணுமுணுப்பு எனக்கே கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது. சூரியன் சுவரேறியதும் முதல் தேனீ கிளம்பும். வெயில் சாய்ந்ததும் கடைசித் தேனீ திரும்பும். அக்கா அந்த நேரத்துக்கே எழுந்தாள், அந்த நேரத்துக்கே கீழே இறங்கினாள்.

பத்தொன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஒரு தேனீகூட வெளியே வரவில்லை.

“செத்துப்போச்சுக்கா. பிரிச்சுப் பாத்துடலாம்,” என்றேன்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். நான்கு தையல் வெட்டினாள். ஐந்தாவதில் கை நின்றது.

“எல்லாத்தையும் கடவுள்கிட்ட கேக்குறேன். ஆனா ஒரு தடவையாவது அவரை வேலை செய்ய விட்டிருக்கேனாடி?”

அந்த நான்கு தையலையும் நனைந்துகொண்டே மறுபடி போட்டாள்.

மழை விட்டது. தேனீக்கள் மெல்லப் போய்வந்தன. இருபத்தொன்பதாம் நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து சத்தம்.

“ஏய், ஓடி வா! கால்ல பாரு, கால்ல!”

திரும்பி வந்த ஒவ்வொரு தேனீயின் பின்னங்காலிலும் மகரந்தம் மஞ்சள் உருண்டையாக ஒட்டியிருந்தது. குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டத்தான் அவ்வளவு மகரந்தம் கொண்டுவரும். அக்கா மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். ஒவ்வொரு தையலாகப் பிரித்து, மூடியைத் திறந்து, ஒரு சட்டத்தை மெதுவாகத் தூக்கினாள். அறை அறையாக, வெட்டிப்போட்ட வெள்ளை நூல் நுனிபோல முட்டைகள் நின்றன. நடுவில் நீள வயிற்றோடு புது ராணி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

அக்கா சிரித்தாள், அழுதாள், பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். ஈரக் கையோடு மேலே ஓடிவந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“அப்பாடா! இப்பவாவது மூடி வை. அது உன்ன மாதிரி இல்ல, வேலைக்காரி.”

“நானும் இருபத்தொம்பது நாள் வேலை பாத்திருக்கேம்மா!” என்றாள் அக்கா.

இன்று மாடியில் பதினோரு பெட்டிகள் இருக்கின்றன. ராணி மாறும் பெட்டிக்கெல்லாம் தையல் உறை உண்டு. அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: ஆமாம், வேலைதான். நான் பார்த்ததிலேயே கஷ்டமான வேலை. விதைத்ததைத் தோண்டித் தோண்டிப் பார்க்கும் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் அக்காவின் கதையை அவரிடம் சொல்லுங்கள்.