கூடாரம் இருந்த இடத்தில் ஒரு கதவு

என் அக்கா நகராட்சியில் வரைபடம் வரைகிறவள். அலுவலகத்தில் அவளுக்கு 'ரப்பர்' என்று பட்டப்பெயர். வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம் என்று கேலி. அதற்கெல்லாம் கோபப்படும் ஆள் இல்லை அவள். 'ரப்பர்' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

வெள்ளம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று காட்டும் வரைபடம் அவள் வரைந்தது. ஆற்றங்கரைக் குடியிருப்பில் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஆளுக்கொரு பாஷை. அதனால் எழுத்தே இல்லாமல் படமாகவே போட்டாள். பாதுகாப்பான இடத்துக்கு ஒரு சின்னக் கூடாரம். ஒவ்வொரு மாடிப்படியிலும் அதை ஒட்டினார்கள்.

அந்த வருஷமே ஆறு கரை உடைத்தது. நான் பஸ் ஓட்டுகிறவன். குடியிருப்பு ஆட்களை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போக, பஸ்ஸின் முகப்பில் அதே கூடாரப் படத்தை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். ஒரு ஈ காக்கைகூட ஏறவில்லை. எல்லோரும் மாடியில் நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் கேட்டேன். எங்கள் பாஷை கொஞ்சம் தெரிந்த தையல்காரம்மா முன்னால் வந்தார்.

"அந்தக் கூடாரத்துக்கா? சண்டைக்கு பயந்து ஓடி வந்தப்போ அதுலதான் வருஷக்கணக்கா அடைஞ்சு கெடந்தோம். உள்ள போறது லேசு தம்பி. வெளிய யாரு விடுவா?"

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கடைசியில் மொட்டை மாடியிலிருந்து படகில்தான் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தையல்காரம்மாவின் மெஷின் மட்டும் ஆற்றோடு போனது.

அக்காவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"கூடாரம்னா எனக்கு ஸ்கூல்ல கூட்டிட்டுப் போன சுற்றுலாதான்டா ஞாபகம். அவங்களுக்கு என்ன ஞாபகம்னு நான் கேக்கவே இல்லையே!"

மறுவாரம் முதல் விடுமுறை நாளெல்லாம் அந்தக் குடியிருப்பின் சலவைக் கடையில் போய் உட்கார்ந்தாள். காசு போட்டால் துணி துவைக்கும் மெஷின் சுற்றி முடிகிறவரை எல்லோரும் சும்மாதானே இருப்பார்கள்! வரைபடத்துக் குறிகளைப் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது என்னன்னு தோணுது?" என்று கேட்டாள். தெரிந்த பாஷையில் பாதி, கைஜாடையில் பாதி. குடிநீருக்குப் போட்டிருந்த நீல அலைகளை, வெள்ளம் புகும் இடம் என்றார் சமையல்காரர் ஒருவர். அவசர வழிக்குப் போட்டிருந்த ஓடும் மனிதனைப் பார்த்து, "திருடனா?" என்றார் இன்னொருவர். தண்ணீர், ஓடும் ஆள், வீடு என்று வரிசையாக இருந்த மூன்று படங்களை, வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய ஒரு நர்ஸம்மா அந்தப் பக்கத்திலிருந்தே படித்தார்: "வீட்ட விட்டு ஓடிப் போய் தண்ணியில குதிக்கணும்." கடையே சிரித்தது. அதிகம் சிரித்தது அக்காதான்.

மேலதிகாரிக்கு இது முதலில் பிடிபடவில்லை.

"படம்னா எல்லாருக்கும் படம்தானே, ரப்பர்?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, அடுத்த மழைக்குள்ள முடிச்சுடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

பிறகு அக்கா பென்சிலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டாள். "பயமில்லாத இடம்னா எப்படி இருக்கும்? வரைங்க." கோணல்மாணலாக என்னென்னவோ வந்தன. பெரும்பாலான தாள்களில் திறந்த கதவு ஒன்று இருந்தது. தையல்காரம்மா வரைந்த கதவின் வாசலில் ஒரு ஆள், ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இஷ்டம்போல வரலாம், போகலாம்" என்றார் அவர்.

அதையே கோடு திருத்தி அக்கா குறியாக்கினாள். ஒட்டுவதற்கு முன் சலவைக் கடையில் மறுபடி காட்டி, சரியென்று தலைகள் ஆடும்வரை அழித்து அழித்து வரைந்தாள்.

அடுத்த மழைக்கு நான் மறுபடி அந்தத் தெருமுனையில் நின்றேன். முகப்பில் கதவுப் படம். தையல்காரம்மா புது மெஷினின் தலைப்பாகத்தைத் துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். பின்னாலேயே மொத்தக் குடியிருப்பும். நிற்கக்கூட இடமில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கியரைப் போடுவதற்கு முன் எழுந்து திரும்பி, "முன்னாடி இருக்குதே அந்தப் படம், அது எங்க அக்கா போட்டது!" என்று சத்தமாகச் சொன்னேன். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அதனாலென்ன, இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.