அம்மனுக்கு நேர்ந்த ஐயாதுரை முடி

ஐயாதுரை அண்ணாச்சி என் சலூனில் வந்து உட்கார்ந்துவிட்டால் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் லாரி ஓட்டி ரிடையரானவர். அதற்கு முன்னால் பட்டாளம். அறுபத்தாறு வயதிலும் தலை நிறைய முடி, வெள்ளை வெளேரென்று. சும்மா சொல்லக் கூடாது, அழகான முடி. கத்தரியை ஒரு நூல் கூடுதலாக வைத்துவிட்டால் போதும், இந்தியில் திட்ட ஆரம்பித்துவிடுவார்.

"நாப்பத்தஞ்சுல மலேயாக் கரையில எறங்குனோம் பாரு, தங்கச்சாமி..."

பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன். எனக்கே வாயில் உப்புக் கரிக்கும். ஜப்பான்காரன் சரணடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் போட்ட திட்டம் போட்டபடி, கடல் வழியாகப் போய்க் கரையேறியே தீர வேண்டுமாம். சேதி தெரியாமல் எவனாவது துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால்? அந்தப் பயத்தில், படகில் பக்கத்தில் நின்ற வன்னியம்பட்டி மொக்கைச்சாமி சத்தமாகக் கும்பிட்டிருக்கிறார்: "தாயே காளியம்மா, எங்கள உசுரோட கரை சேத்துரு. இந்த ஐயாதுரைக்கு ஒன் வாசல்ல மொட்டை போடுதேன்!"

தன் தலையை நேராமல் அடுத்தவன் தலையை நேர்ந்த ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மொக்கைச்சாமிக்கு இருபத்திரண்டு வயதிலேயே வழுக்கை. "சாமிக்குக் குடுக்கத நல்லதாக் குடுக்கணும்லா" என்பது அவர் நியாயம்.

இறங்கினால் மார்பு வரை சகதி. லாரியெல்லாம் முங்கிப்போனது. சுடத்தான் ஒருவனும் இல்லை. கரையில் நின்ற தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், "எந்த ஊருய்யா நீங்க?" என்று கேட்டார்களாம். "அந்தச் சகதியில நான் ஒத்த ஆளா நீந்தி ஏறுனேன்" என்று அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொள்வார்.

அன்றிலிருந்து நாற்பத்து நாலு வருஷ வழக்கு. கோயில் பொங்கல் வந்தால் மொக்கைச்சாமி வந்து நிற்பார், "வாலே மொட்டைக்கு" என்று. "சண்டையே இல்ல, நேர்ச்சை செல்லாது. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன் வேற. போலே!" என்று அண்ணாச்சி காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் மொக்கைச்சாமியின் சம்சாரம் வெள்ளத்தாய் அண்ணாச்சியைத் தேடிச் சலூனுக்குள்ளேயே வந்துவிட்டார். "அண்ணே, அவியளுக்குக் குடல் எறக்கம் முத்திப்போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில கெடக்காவ. இன்னைக்கே ஆப்பரேசன் பண்ணலேன்னா உசுருக்கு ஆபத்துங்காரு டாக்டரு. நேர்ச்சையச் செலுத்தாம கத்திக்குப் படுக்க மாட்டேங்காவ!"

அண்ணாச்சி கண்ணாடியில் தன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். "மயிருதானே அண்ணாச்சி!" என்றேன். வையவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் சம்சாரம் கிருபாபாய் விஷயத்தைக் கேட்டதும் சட்டையை எடுத்து நீட்டினார்.

"முடி மொளைக்கும். அண்ணன் போனா மொளைப்பாவளா? கெளம்புங்க. சபையில கேட்டா பேனுன்னு சொல்லிக்கிடுதேன்."

வன்னியம்பட்டி காளியம்மன் வாசலில் நான்தான் சிரைத்தேன். அண்ணாச்சி கண்ணை இறுக்க மூடியிருந்தார். பூசாரி சந்தனம் கொண்டுவந்தபோது தலையைக் குனிந்து கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மொக்கைச்சாமிக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை. தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்கே, வலிக்கே" என்று சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டினாள். அந்தச் சிரிப்போடே தாளில் கையெழுத்துப் போட்டார்.

தள்ளுவண்டியில் ஏற்றியதும் கையை நீட்டி அந்த மொட்டையைத் தடவினார். முகம் மாறிவிட்டது.

"ஏலே, அன்னைக்குச் சகதிக்குள்ள நீ முங்குனப்ப இந்த முடியப் பிடிச்சுல்லா இழுத்தேன். இனி முங்குனா எதைப் பிடிச்சுத் தூக்குவேன்?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"இப்ப முங்கப் போறது நீதாம்லே" என்று மொக்கைச்சாமியின் கையை எட்டிப் பிடித்தார். "நான் பிடிச்சிருக்கேன். தைரியமாப் போ."

தியேட்டர் கதவு வரைக்கும் விடவில்லை. சாயங்காலம் மயக்கம் தெளிந்த மொக்கைச்சாமி, கண்ணைத் திறக்காமலே, "எங்கலே போனான் அந்த மொட்டைப்பய?" என்று கேட்டார். அண்ணாச்சி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.