கணக்கு மிஷினுக்குப் பூசிய சந்தனம்

எங்கள் ஆத்தாவைப் போல ஓர் ஆத்தா காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. பெற்ற மகள் பெருமை பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு தடவை ரங்கூனிலிருந்து வந்த அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கணக்கு மிஷின் கொண்டுவந்தார். இரும்புப் பெட்டி, உள்ளே பித்தளைச் சக்கரங்கள். எண்களை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கூட்டும், பெருக்கும். முன்னொரு காலத்தில் பிரெஞ்சு தேசத்துப் பையன் ஒருவன், தன் அப்பாவின் கணக்கு வேலை குறையட்டும் என்று இப்படி ஒன்றைச் செய்தானாம். அப்பச்சி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். காசைக் கரியாக்கிவிட்டான் என்று கேலி பேசிய பங்காளிகளைச் சரஸ்வதி பூசைக்கு மறுநாள் வரச் சொல்லியிருந்தார்.

பூசையன்று ஆத்தா மிஷினுக்கும் சந்தனம் பூசினாள். கொஞ்சமாகவா பூசினாள்? சாமி காரியத்தில் எங்கள் வீட்டில் கஞ்சத்தனமே கிடையாது. மறுநாள் அப்பச்சி பங்காளிகளை அழைக்கப் போன பிறகு துடைக்க எடுத்தால், கைப்பிடி அசையவில்லை. சந்தனம் சக்கரங்களுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

ஆத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தனை பேரு முன்னால அவுக தலை குனியணுமே" என்றாள்.

பிறகு கோலமாவை எடுத்து வந்து தரையில் வரிசையாகப் புள்ளி வைத்தாள். பாக்குவெட்டி முனையால் மிஷினைக் கழற்றி, பாகங்களை எடுத்த வரிசையிலேயே புள்ளிக்கு ஒன்றாக வைத்தாள். "இங்குட்டு வராத, கலைஞ்சிரும்" என்று என்னை விரட்டினாள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, கடைசிப் புள்ளியிலிருந்து திரும்ப மாட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோது கைப்பிடி சுற்றியது.

அப்பச்சி பெருக்கிக் காட்டினார். பெரியப்பா மனக்கணக்காகப் போட்டுப் பார்த்து, "சரியாத்தான்டா இருக்கு" என்றார். "வெள்ளைக்காரன் மூளையே மூளை" என்றார் இன்னொருவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஆத்தாதான் காலையில எல்லாத்தையும் கழட்டி மாட்டுச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆத்தா என்னைக் கிள்ளினாள். அப்பச்சி மட்டும் சிரிக்காமல் ஆத்தாவையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் கைப்பிடியை இன்னொரு தடவை மெல்லச் சுற்றிப் பார்த்தார்.

அடுத்த முறை ரங்கூனிலிருந்து வந்தபோது எங்களுக்கெல்லாம் பட்டு எடுத்துவந்தார். ஆத்தாவுக்கு மட்டும் திருகாணி கழற்றுகிற திருப்புளிகள், சிறிதும் பெரிதுமாக. அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நான் தேம்பி அழுதேன். ஆத்தா எதற்காக அவற்றை நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.