மாட்டின் வயிற்றில் இருந்த பால்மா பாக்கெட்டுகள்

எங்கள் மாடு செத்தபோது அது மூன்றாவது கன்றைச் சுமந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகத் தீனி எடுக்கவில்லை. வயிறு மட்டும் ஊதிக்கொண்டே போனது. லிந்துலையிலிருந்து மிருக வைத்தியர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதனால் செத்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என நான் பிடிவாதம் பிடித்ததால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் வைத்து வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்.

உள்ளே ஒரு பெரிய பந்து. பிரித்தால் முழுக்கப் பால்மா பாக்கெட்டுகள். புல்லெல்லாம் கரைந்து போயிருந்தது, பாக்கெட் கரையவில்லை. அதில் அச்சடித்திருந்த சிரிக்கும் குழந்தையின் முகம்கூட அழியவில்லை.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்புவரை பால்மா தகர டின்னில்தான் வந்தது. டின் காலியானால் அரிசி போட்டு வைப்போம், பூச்செடி நடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் இந்தச் சின்னப் பாக்கெட்டுகள் வந்தன. அன்றாடம் வாங்கக் கூடியதாக இருந்ததால் எல்லா வீட்டிலும் அதுதான். காலி பாக்கெட்டை எங்கே போடுவது? பிரதேச சபை டிராக்டர் டவுனைத் தாண்டித் தோட்டத்துக்குள் வராது. தோட்டத்திலும் குப்பை எடுக்க ஆள் கிடையாது. எல்லாம் லயத்தை ஒட்டி ஓடும் சாக்கடைக் கானில் விழுந்தது. பால் வாசத்துக்கு மாடு அதைத் தின்றது.

பால்மா கம்பெனிக்கு எங்கள் பக்கத்து ஏஜென்ட், டவுனில் கடை வைத்திருந்த முதலாளி. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழும்பவேயில்லை.

"பாலக் குடிங்கன்னு குடுத்தா பாக்கெட்டயும் மாட்டுக்குப் போட்டிருக்கீங்க. அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதிலேயே தங்கிவிட்டது. கொழுந்து பறிக்கும்போதும் கேட்டது, சோறு போடும்போதும் கேட்டது. இவரை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வயிற்றில் இருந்ததை மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீரில் அலசி உரப் பையில் கட்டி வைத்தேன். லயத்துப் பெண்களிடமும் சொன்னேன். அவர்கள் கானைத் தோண்டிப் பை பையாக எடுத்துக் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் பயந்தார். "கம்பெனிக்காரனோட மல்லுக்கு நிக்கப் போறியா? நாளைக்கு கடையில சாமான் தருவானா?"

"தராட்டிப் போறான். எம் மாட்ட அவன் தருவானா?" என்றேன்.

முதலாளி புதிதாக ஸ்டோர் கட்டித் திறந்த நாளுக்காகக் காத்திருந்தேன். கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் வந்திருந்தார். வாழைமரம், மேளம், வெள்ளைத் துணி விரித்த மேசை. நாங்கள் பெண்கள் மட்டும், ஆளுக்கொரு பையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனோம். ஏதோ அன்பளிப்பு என்று நினைத்து வழி விட்டார்கள்.

நான் என் பையை மேசைமேல் கவிழ்த்தேன். எவ்வளவு அலசியும் அந்த நாற்றம் போயிருக்கவில்லை. பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்.

"என்னம்மா இது?"

"ஒங்க சாமான்தாங்க. எம் மாட்டு வயித்துல இருந்துச்சு. ஒங்க பேருதான் போட்டிருக்கு, பாத்துக்குங்க."

"வித்ததுக்கப்புறம் அது ஒங்க குப்பை. நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"நாங்க கேட்டது பாலுங்க. இந்தக் கவர நாங்க கேக்கல. கரையாதுன்னு தெரிஞ்சுதானே செஞ்சீங்க? செஞ்சவங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

முதலாளி என்னைத் தள்ள வந்தார். மற்றப் பெண்களும் பைகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்கள். மேளம் நின்றுவிட்டது. வாசலில் டவுன் சனம் கூடியது. பெரியவரின் காலில் பளபளத்த சப்பாத்து பைகளிலிருந்து கொட்டிய கான் சேற்றில் அமிழ்ந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். மாடு செத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அவமானம் தாங்காமல் பெரியவர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். சாமான் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறியில் காலிப் பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு போவார்களாம். முதலாளி தன் கையாலேயே அந்த மேசையைத் துடைத்தார்.

லொறி வந்தது, பைகளை ஏற்றியது. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருநாள் பின்னாலேயே குறுக்குப் பாதையில் இறங்கிப் போனேன். ஆற்று வளைவில் லொறி நின்றிருந்தது. டிரைவர் பைகளைப் பள்ளத்தில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"முதலாளிதான் இங்க போடச் சொன்னாரு அக்கா," என்றான்.

"அப்ப அவரையே கூட்டிக்கிட்டு வா. வர்ற வரைக்கும் லொறி நகராது," என்று சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

செய்தி கேட்டுக் கொழுந்து மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்து என்னோடு உட்கார்ந்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் முதலாளி வந்தார். எங்களைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அட்டைக்கடியோடு ஒவ்வொரு பாக்கெட்டாகப் பொறுக்கினார். கை கொடுக்கட்டுமா என்று ஒருத்தி எழும்பினாள். நான் அவள் சேலையைப் பிடித்து உட்கார வைத்தேன்.